லயத்து வானொலியிலிருந்து வீட்டுச் சர்வர் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கமுந்திங்கிலும் சுற்றியுள்ள தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் நான் போய்வரும் தமிழ் வீடுகளில் இரண்டு பொருள்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, மூடி துருவேறிய பிஸ்கட் டின். அதற்குள் கேசட்டுகள். சிலவற்றில் அச்சிட்ட அட்டை, பலவற்றில் பேனாவால் எழுதிய அட்டை. தோட்டத்தை விட்டு வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு லாரியில் ஏறி வந்தவை. இன்னொன்று, துணி போர்த்தி மூலையில் வைத்திருக்கும் கணினி. பிள்ளைகள் படித்து முடித்து ஷா ஆலாமுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போன பிறகு அதைத் தொடுவார் இல்லை. டின்னில் இருப்பதைக் கணினிக்குள் ஏற்றி, வீட்டில் இருப்பவர்களும் வெளியூர்ப் பிள்ளைகளும் கேட்கும்படி செய்ய முடியுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். ஆனால் எந்தக் கணினி, எவ்வளவு மின்சாரம், எந்த மென்பொருள், எந்தப் பாட்டு, யாருக்காக என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

முதலில், எதற்காக இந்த வேலை? ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவுக்கு வந்தது. யூடியூப் அதற்கும் முன்பே வந்துவிட்டது. எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும் கைப்பேசியில் கூப்பிட்ட குரலுக்கு வருகிறார்கள். சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்பவர் பழைய கணினியைக் கிளப்பத் தேவையில்லை. இதை நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். டின்னுக்குள் இருப்பது வேறு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் யாரோ பதிந்த உடுக்கைப் பாட்டு, அக்கா கல்யாணத்தின் நாதஸ்வரம், வானொலியில் பேரும் ஊரும் சொல்லி வாழ்த்து வாசித்த ஐந்து நிமிடம், தைப்பூசக் கடையில் வாங்கிய உறுமி மேளக் குழுவின் சிடி. இவற்றில் பலவற்றை எந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை. இனி வெளியிடப்போவதும் இல்லை. வீட்டுச் சர்வர் என்ற ஏற்பாட்டுக்கு இந்த ஊரில் ஒரு தேவை இருக்கிறது என்றால், அது இவற்றுக்காகத்தான்.

ஒரு பெட்டி பாட, பல பேர் கேட்பது இந்த மண்ணுக்குப் பழகிய காரியம். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1இல் தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்பதற்கென்று வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கம் தன் செய்தியைச் சேர்ப்பதற்கு வைத்த பெட்டி அது. கூடியவர்களுக்கு அதில் பாட்டும் கிடைத்தது. பிறகு வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் வானொலி பாடினால் பலகைச் சுவருக்கு அப்பால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவு 2005இல் மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறியது. இன்றும் அதிகாலையில் அந்தக் குரலோடு எழுகிறவர்கள் இங்கே உண்டு.

வானொலி கேட்பவர் கையில் எதையும் விட்டுச் செல்லவில்லை. பாட்டு வந்தது, போனது. அந்த நிலையை மாற்றியது 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட். இசைத்தட்டு கேட்பதற்கு மட்டுமே ஆன பொருள். கேசட் கருவியிலோ சிவப்புப் புள்ளியோடு ஒரு பித்தான் இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர் வீட்டிலும் அந்தப் பித்தானை அழுத்த ஆள் இருந்தது. நம்மவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே பதிந்துகொண்டது அப்போதுதான். ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் கலைந்த காலத்திலும் அந்தப் பித்தான் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கலைந்துபோன தோட்டங்களின் ஒலி எங்காவது மிஞ்சியிருக்கிறது என்றால் அந்த டின்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

இனி கணினிக்கு வருவோம். இங்கே கைக்குக் கிடைக்கும் பழைய கணினிகள் மூன்று தலைமுறையைச் சேர்ந்தவை.

மூத்தது, 2000களின் தொடக்கத்தில் வாங்கிய மேசைக் கணினி. பென்டியம் 4 ரகம். வெறுமனே ஓடும்போதே 70, 80 வாட் இழுக்கும். அந்த ஆண்டுகளில் தயாரான தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிந்தது உலகறிந்த குறை. பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். மேலும், இவற்றில் பெரும்பாலானவை 32 பிட். லினக்ஸ் வகைகளில் நிதானமானது என்று பெயரெடுத்த டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியை நிறுத்திக்கொண்டது. 12ஆம் பதிப்புக்கு 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு பாதை இல்லை. இந்தத் தலைமுறைக்கு என் தீர்ப்பு: வட்டிலிருக்கும் படங்களையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள். மலேசியாவில் மின்கழிவு எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்ட பொருள். குப்பைத்தொட்டியில் போடக்கூடாது.

இரண்டாம் தலைமுறை, 2010ஐ ஒட்டி வந்த சின்ன நெட்புக். ‘1மலேசியா’ திட்டத்தில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த நெட்புக்குகள் எத்தனையோ தமிழ் வீடுகளுக்கும் வந்தன. ஆட்டம் செயலி, பெரும்பாலும் 1 ஜிபி நினைவகம், பத்து அங்குலத் திரை. இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே திணறிவிடும். ஆனால் பாட்டை வட்டிலிருந்து எடுத்து வைஃபையில் அனுப்புவது அதற்கு மிக எளிய வேலை. திரையை அணைத்துவிட்டால் 10 முதல் 15 வாட்டுக்குள் ஓடும். பலர் தூக்கி எறிய நினைக்கும் இந்தக் கருவிதான் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

மூன்றாவது, விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதியும் புதிய செயலியும் இல்லாததால், 2017க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் ஒதுங்கிவிட்டன. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓய்வு கொடுக்கப்பட்ட கருவிகள் இவை. டெபியன் போட்டால் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

மின்கட்டணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2025 நடுப்பகுதி வரை வீடுகளுக்கு முதல் 200 யூனிட் வரை ஒரு யூனிட் 21.8 சென். 15 வாட் நெட்புக் இரவும் பகலும் முப்பது நாள் ஓடினால் 10.8 யூனிட், அதாவது 2 வெள்ளி 35 சென். 80 வாட் மேசைக் கணினி அதே முப்பது நாளில் 57.6 யூனிட், 12 வெள்ளி 56 சென். ஆண்டுக்கு 120 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். 2025 ஜூலையில் கட்டணத்தின் அமைப்பே மாறிவிட்டது. விலை மாறினாலும் இரண்டு கருவிக்கும் உள்ள ஐந்து மடங்கு இடைவெளி மாறாது. மடிக்கணினிக்கு இன்னொரு வசதி: மின்சாரம் தடைப்பட்டால் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் வருடக் கணக்கில் மின்னேற்றத்திலேயே கிடக்கும் பேட்டரி வீங்கும். தட்டச்சுப் பலகை சற்றே மேலெழுந்து தெரிந்தால் உடனே நிறுத்திப் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அதில் தாமதம் கூடாது.

கருவி முடிவானதும் அடுத்து வருவது கேட்கும் முறை. மென்பொருள் பெயர்களைப் பட்டியல் போடுவதற்கு முன் வீட்டில் யார், எப்படிக் கேட்கப்போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒன்று, அலமாரி முறை. பாட்டெல்லாம் சர்வரில் அடுக்கியிருக்கும். கேட்பவர் தன் கைப்பேசியில் தேடி வேண்டியதை எடுத்துக்கொள்வார். 2001இல் தொடங்கிய ஆம்பாஷே இதில் மூத்தது. 2004இல் சிண்ட்ரே மேஹுஸ் எழுதிய சப்சோனிக் அடுத்த பெரிய அடி. அது பின்னர் 2016இல் மூலநிரலை மூடிக்கொண்டது. ஆனால் சர்வரும் கைப்பேசிச் செயலியும் பேசிக்கொள்ள அது வகுத்த முறை பொதுச் சொத்துபோல் நிலைத்துவிட்டது. ஏர்சோனிக் அந்த வழியில் வந்தது. ஜாவாவில் எழுதியது என்பதால் 1 ஜிபி நினைவகத்துக்குப் பாரம். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபின் படமும் பாட்டும் சேர்த்துத் தருவது. மூன்றாம் தலைமுறைக் கணினி இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். நெட்புக்குக்கு நான் சொல்வது நேவிட்ரோம். கோ மொழியில் எழுதிய ஒற்றைக் கோப்பு. தரவுத்தளமென்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நூறு மெகாபைட் அளவு நினைவகத்தில் அடங்கிவிடும். சப்சோனிக் முறையையே பேசுவதால் கைப்பேசிச் செயலிகளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு, வானொலி முறை. சர்வர் தானே ஒரு நிலையமாகப் பாடிக்கொண்டிருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்பார்கள். ஐஸ்காஸ்ட் இதற்கானது. 1990களின் கடைசியில் பிறந்து இன்றும் உலகெங்கும் சிறு வானொலிகளைத் தாங்கி நிற்கிறது. அதோடு லிக்விட்சோப் என்ற நிரலைச் சேர்த்தால் காலை பக்தி, மதியம் பழைய பாட்டு, இரவு நாடகம் என்று நேரப்படி ஓட்டலாம். விநாடிக்கு 64 கிலோபிட் என்று வைத்தால் இருபது பேர் சேர்ந்து கேட்டாலும் 1.3 மெகாபிட்தான் தேவை.

மூன்று, கூடத்து முறை. கணினியிலிருந்தே ஒரு கம்பி போய் கூடத்து ஒலிபெருக்கியில் செருகியிருக்கும். கைப்பேசி அதற்கு ரிமோட் மட்டும். 2003இல் வந்த எம்பிடி இதைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் எழுதி, 2006இல் லாஜிடெக் வாங்கி, பின் கைவிட்ட சர்வர் ஒன்று உண்டு. ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றி லிரியன் என்ற பெயரில் இன்றும் நடத்திவருகிறார்கள். அறைக்கு அறை ஒலிபெருக்கி வைத்துப் பாட்டு பிசகாமல் கேட்க வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். தொலைக்காட்சியிலேயே பாட்டு வர வேண்டுமென்றால் மினிடிஎல்என்ஏ போதும்.

இவற்றில் எது நல்லது? கணினி தெரிந்த இளையவர் கண்ணை மூடிக்கொண்டு அலமாரி முறையைத்தான் எடுப்பார். அவருக்கு அது சரி. எழுபது வயது அம்மாவுக்கு அது சரிவராது. அவருக்குத் தேட வேண்டாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். காலை ஐந்தரைக்குச் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் தானாகத் தொடங்க வேண்டும், பிறகு சீர்காழியும் டிஎம்எஸ்ஸும் வர வேண்டும், சமையல் முடியும்போது நிற்க வேண்டும். அவர் அறுபது வருடமாகப் பாட்டுக் கேட்டது அப்படித்தான். அதனால் ஒரே நெட்புக்கில் இரண்டையும் வைப்பதே நல்லது என்பது என் முடிவு. கூடத்து ஒலிபெருக்கிக்கு எம்பிடி, நேரம் பார்த்துத் தொடங்கவும் நிறுத்தவும் லினக்ஸின் கிரான் அட்டவணை. பிள்ளைகளுக்கு நேவிட்ரோம். இரண்டும் ஒரே கோப்புறையிலிருந்து பாட்டை எடுக்கும். 1 ஜிபி நினைவகம் இரண்டையும் தாங்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வேலை. மாதக் கணக்கில் இழுப்பது பாட்டுக்குப் பெயர் எழுதும் வேலை. தமிழ்ப் பாட்டுக்கு அது இரட்டிப்பு வேலை.

எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரத்தை எழுதும் ஐடி3 முறையை எடுத்துக்கொள்வோம். 1996இல் வந்த முதல் பதிப்பு, பாட்டின் பெயருக்கு 30 பைட், பாடியவர் பெயருக்கு 30 பைட் என்று ஒதுக்கியது. ஆங்கிலத்தில் முப்பது எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் மூன்று பைட். புள்ளியும் ஒரு குறி, துணைக்காலும் ஒரு குறி. ‘கண்ணதாசன்’ என்று எழுதினால் ஒன்பது குறி, 27 பைட். ‘விஸ்வநாதன்’ பத்து குறி, சரியாக 30 பைட். பக்கத்தில் ராமமூர்த்திக்கு இடமே இல்லை. பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்து, கடைசியில் ஒரு கட்டம் மட்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாம் பதிப்பில் இந்தத் தடை நீங்கியது. பழைய கோப்புகளில் முதல் பதிப்பின் குறிப்புகளை அழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்புகள் இன்னும் கடினம். தமிழைக் கணினியில் எழுதிப் பழக்கியதில் மலேசியாவுக்கு முன்னோடி இடம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்ததுதான். ஆனால் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் டிஸ்கி, டாப் என்று பல குறியேற்றங்கள் புழங்கின. அப்போது தமிழில் பெயரிட்ட கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை அழித்துவிடாதீர்கள். குறியேற்ற மாற்றி ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் அப்படியே மீண்டு வரும்.

ஆங்கில எழுத்தில் பெயரிட்டவர்கள் வேறு சிக்கலை உண்டாக்கிவைத்தார்கள். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். சர்வருக்கு அவர்கள் நான்கைந்து தனி மனிதர்கள். ஒருவரையே ஐந்து இடத்தில் தேட வேண்டியிருக்கும். மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தோடு பிகார்ட் என்ற நிரலைப் பயன்படுத்தினால் மேல்நாட்டு ஆல்பங்களுக்குப் பெயர் தானாக வரும். தமிழில் பாதிக்கு மேல் கையால்தான் எழுத வேண்டும். நான் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் தடுமாற்றம் அங்கே மிகக் குறைவு. ஒரே இடறல் வரிசை. யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும் நிரல்கள் ஜானகியைச் ச வரிசைக்கும் ஞ வரிசைக்கும் நடுவில் வைக்கும். அதைப் பழகிக்கொள்ளலாம்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று படி மேல்நாட்டு இசைத்தட்டுக்காக வகுத்தது. சினிமாப் பாட்டைத் தமிழர் அப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. என் மாமா ‘அந்த எம்ஜிஆர் பாட்டு’ என்பார். பாடியவர் டிஎம்எஸ். இசை வேறொருவர், எழுதியவர் இன்னொருவர். மாமாவுக்கு அது எம்ஜிஆர் பாட்டுதான், அவர் சொல்வதில் தவறும் இல்லை. நடிகர், படம், இசை, குரல், வரி என்று ஐந்து வாசல் வழியாக நாம் ஒரு பாட்டுக்குள் நுழைகிறோம். ஐடி3 இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனி இடம் உண்டு. நேவிட்ரோமும் 2025 முதல் அவர்களைத் தனித்தனியாக அடையாளம் காண்கிறது. நடிகருக்குத்தான் எங்கும் இடமில்லை. நான் ‘வகை’ என்ற இடத்தில் நடிகர் பெயரை எழுதினேன். இலக்கணப்படி தவறு. மாமா அதன் பிறகுதான் தானாகவே பாட்டுத் தேட ஆரம்பித்தார்.

தோட்டத்துப் பதிவுகளுக்கு இந்த வாசல்கள் எதுவுமே பொருந்தாது. உடுக்கைப் பாட்டுக்கு ஆல்பம் ஏது? அங்கே நான் எழுதுவது: எந்தத் தோட்டம், என்ன நிகழ்ச்சி, எந்த ஆண்டு, பாடியவர் யார், கேசட் யார் வீட்டிலிருந்து வந்தது. ஆல்பம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர். உறுமி மேளச் சிடிகளுக்கும் இதே முறைதான். அட்டையில் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். வாசித்த பையன்களின் பெயர் இருக்காது. அவர்களில் ஒருவரைத் தெரிந்தால்கூடப் போதும், கேட்டு எழுதி வைத்துவிடலாம்.

கேசட்டைக் கணினிக்குள் ஏற்றுவதில் குறுக்கு வழி இல்லை. அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். நூறு கேசட் இருந்தால் நூறு மணி நேரம். ஓடும் கேசட் பிளேயர் ஒன்று, அதன் காதொலிக் குழியிலிருந்து கணினியின் லைன்-இன் குழிக்கு ஒரு கம்பி, ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள். நெட்புக்கில் மைக் குழி மட்டுமே இருந்தால் சின்ன யூஎஸ்பி ஒலி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தின் தனிச் சிக்கல் ஈரம். பக்கத்துத் தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். கேசட் ஜன்னலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் பூஞ்சை பிளேயரின் தலைக்கும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூத்தவற்றைத் தனியே ஒதுக்கி, நாடாவை உலர விட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு பிளேயரின் தலையை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும்.

முதற்பதிவைத் தரம் குறையும்படி சுருக்காமல் வையுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 635 மெகாபைட். ஃபிளாக் வடிவில் அது பாதியளவுக்குக் குறையும், ஒலி துளியும் குறையாது. வெளியூருக்கு அனுப்பும்போது சர்வரே ஓப்பஸ் வடிவுக்குச் சுருக்கிக் கொடுக்கும். விநாடிக்கு 96 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 43 மெகாபைட்தான். கைப்பேசித் தரவும் மிச்சம். இரைச்சலை நீக்கும் வசதி ஒடாசிட்டியில் உண்டு. அதை முதற்பதிவில் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துத்தநாகக் கூரையில் விழும் மழை, நடுவில் அழும் குழந்தை, தூரத்தில் குரைக்கும் நாய் எல்லாமே அந்தப் பதிவுக்குள் இருக்கும் தோட்டம்தான். மென்பொருளுக்கு அவை இரைச்சல். அது துடைத்ததை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கேட்க வைப்பது இன்று எளிதானதற்குக் காரணம் கண்ணாடி இழை. தொலைபேசிச் செப்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் பதிவிறக்க வேகத்தில் சிறு பங்குதான் பதிவேற்றத்துக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்து பாட்டு அனுப்ப அது போதவில்லை. 2010இல் யூனிஃபை வந்து கண்ணாடி இழை பரவியதும் அந்தச் சுவர் இடிந்தது. மிச்சமிருக்கும் தடை ஒன்று: பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். கிடைத்தாலும் ரூட்டரில் கதவைத் திறந்து வைத்து உலகத்தையே உள்ளே விடுவது ஆபத்து. டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாடு இரண்டையும் தீர்க்கிறது. வயர்கார்டு என்ற மறையாக்க முறையின் மேல் கட்டியது. குடும்பத்தார் கருவிகளை மட்டும் ஒரு தனி வலையில் சேர்த்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் மகளின் கைப்பேசிக்குக் கமுந்திங் நெட்புக் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தெரியும்.

இடி மின்னலை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்றாலும் சுவர்ச் செருகி கடத்தும். மாலையில் வானம் கறுத்தால் கழற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், அதே வீட்டில் அதே செருகுப் பலகையில் இருக்கும் இரண்டாவது வட்டு பாதுகாப்புப் படி ஆகாது. மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு வீட்டில் என்பது பாதுகாப்புப் படிக்குப் பலரும் சொல்லும் கணக்கு. மகன் வீட்டில் ஒரு வட்டு, சித்தப்பா வீட்டில் ஒரு வட்டு என்று வைத்து, தீபாவளிக்கு வரும்போது புதுப்பித்துக் கொடுத்தனுப்புங்கள். மூலக் கேசட்டையும் வீசிவிடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து ஐம்பது ஆண்டு உரிமை. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்து ஐம்பது ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார், விஸ்வநாதன் 2015இல். ஆகவே 1960களின் பதிவு பழையது என்பதால் பாட்டே பொதுவுடைமை ஆகிவிட்டது என்று எண்ணுவது தவறு. குடும்பத்துக்குள் கேட்பது வேறு, ஊருக்கே ஐஸ்காஸ்ட் நிலையம் திறந்து சினிமாப் பாட்டு ஓட்டுவது வேறு. இரண்டாவதற்கு உரிமம் வேண்டும். தோட்டத்துப் பதிவுகளில் சட்டத்துக்கு மேலான ஒரு கடமையும் இருக்கிறது. ஒருவர் வீட்டுச் சாவில் அவர் அம்மா வைத்த ஒப்பாரியை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. நான் அப்படிப்பட்ட கோப்புகளைத் தனிக் கோப்புறையில், சர்வர் காட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் முடியும் வேலை இது என்றாலும், பல வீடுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் தமிழுலகில் உண்டு. ரசிகர்கள் தங்கள் வீட்டுக் கச்சேரிப் பதிவுகளைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொள்ள எழுந்த சங்கீதப்ரியா, கர்நாடக இசையில் நிறுவனங்கள் வெளியிடாத எவ்வளவோ கச்சேரிகளைக் காப்பாற்றியது. இலங்கைத் தமிழர்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களில் தொடங்கி ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் விரிந்தது. பேராக்கிலேயே முத்தம்மாள் பழனிசாமி ‘நாடு விட்டு நாடு’ எழுதியதோடு நிற்காமல் நாட்டுப்புறப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவர் எழுத்தில் காத்தார். அந்தக் குரல்களையும் காக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கும் கேசட்டுகளுக்கு இருக்கிறது. கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் பத்து வீட்டு நெட்புக்குகள் ஒரே முறையில் பெயரிட்ட கோப்புகளை மாற்றிக்கொண்டால், கலைந்துபோன ஒரு தோட்டத்தின் திருவிழா வெவ்வேறு டின்களிலிருந்து ஒன்றுசேரும். கருவி வாங்கக் காசு தேவையில்லை. பெயரிடும் முறையில் ஒத்துப்போவதுதான் தேவை.

எந்தக் கேசட்டை முதலில் ஏற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நாடா மோசமானதை அல்ல, அந்தக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவருக்கு அதிக வயதானதை. போன வருடம் என் அத்தையை நெட்புக்குக்கு முன்னால் உட்கார வைத்து, அட்டையில் ‘திருவிழா’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கேசட்டைப் போட்டேன். முதல் பக்கம் பாதி ஓடும்வரை பேசவில்லை. பிறகு, “இது நம்ம ஆயாக்கொட்டகை ஆயா குரல்டா தம்பி. இந்தப் பக்கம் தாளம் போடறது உங்க தாத்தா” என்றார். அதற்கு மேல் நாடாவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு குரலுக்கும் பெயர் சொன்னார். எந்த லயம், எந்த வீடு, யார் மகள், எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்று சொல்லிக்கொண்டே போனார். கைப்பேசியில் அதையும் பதிந்துகொண்டேன். இருபத்தேழு நிமிடம். கேசட்டின் முதல் பக்கம் அந்தக் கோப்புறையில் ஒன்றாவது பாட்டு, அத்தை பேசியது இரண்டாவது.